தானியக் குவியலும் தீச்செங்கல் அடுக்கும்

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் மழையில் பொங்கும். கோடையில் கை நுழையுமளவு வெடிக்கும். பருத்திக்கும் கம்புக்கும் உகந்த இம்மண், தன்மேல் எழுப்பிய சுவரை நிம்மதியாக நிற்க விடாது. ஆகவே விறகுச் சூளை கட்ட முற்பட்டபோது கரிசலைத் தோண்டி அகற்றி, சரளை நிரப்பிய பின்னரே பிஸ்மி சொல்லித் தளமிட்டோம்.

புதுச்சேரியில் 1971இல் தொடங்கப்பட்ட கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியின் கற்பாண்டங்களைக் கண்டதே இவ்வாசைக்கு வித்து. மண்பானை வேக 800, 900 டிகிரி செல்சியஸ் போதும். சாதாரணச் செங்கலே தாங்கும். கற்பாண்டத்துக்கோ 1,200 டிகிரிக்கு மேல் வேண்டும். அவ்வெப்பத்தில் செங்கல் இளகி வளைந்துவிடும். அலுமினா மிகுந்த தீக்களிமண்ணால் செய்த தீச்செங்கல் (கடைக்காரர் மொழியில் ஃபயர் பிரிக்) தேவை. அதிலும் இரு வகை உண்டு. இலேசான நுண்துளைக் கல் வெப்பத்தை வெளியே விடாது. ஆனால் விறகுச் சாம்பலின் காரம் அதை விரைவில் அரித்துவிடும். எங்கள் விறகு சீமைக் கருவேலம், சாம்பலுக்குப் பஞ்சமில்லை. ஆதலால் நெருப்பைப் பார்க்கும் முகத்துக்குக் கனத்த கல், அதன் பின்னே இலேசான கல் என்று முடிவு செய்தோம். சிமென்ட் அந்தச் சூட்டில் உதிர்ந்துவிடும் என்பதால், தீக்களிமண்ணைக் கரைத்தே மெல்லியதாகச் சாந்து பூசினோம்.

இவ்வளவு அறிந்தும் விலையில் சறுக்கினோம். கழற்றிய பாய்லர் ஒன்றின் பழைய கற்கள் பாதி விலைக்குக் கிடைத்தன. வெளிமுகம் பழுதற்றிருந்தது, உள்ளே மயிரிழை வெடிப்பு. இரண்டாம் சூட்டிலேயே அடுப்புவாய்க் கற்கள் செதிள் செதிளாக உதிர்ந்து பாண்டங்களின் மேல் ஒட்டிக்கொண்டன.

எஞ்சிய எண்பது கற்களைக் கேட்டு எட்டயபுரம் பக்கத்திலிருந்து ஒரு வாலிபர் வந்தார். நல்ல முகம் வெளியே தெரியும்படி அவற்றை அடுக்கியிருந்தோம். வேண்டுமென்று செய்ததன்று என இன்றும் சொல்லிக்கொள்கிறோம். முழுதும் உண்மையா என்பதை அல்லாஹ் அறிவான். கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்தபோது விரல்களில் ஈரம் பட்ட செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. மழை நனைத்துவிட்டது என்றாராம் உரிமையாளர். நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே என்பதே நபியவர்கள் கேட்டது. எங்கள் அடுக்கை மழைகூட நனைக்கவில்லை.

அடுக்கைக் கலைத்து வெடிப்புகளைக் காட்டினோம். வாலிபர் ஒவ்வொரு கல்லையும் தட்டி ஓசை கேட்டார். கணீரென்று ஒலித்த முப்பதை மட்டும், சூடு குறைந்த புகைபோக்கிக்கென எடுத்துச் சென்றார். மீதி ஐம்பதும் கொல்லையில், ஒளுச் செய்யும் தொட்டிக்கு அடியில் கிடக்கின்றன.