முப்பது வயது மஜ்ஜை

தருகிறேன் என்று கையெழுத்துப் போட்டவன் நான். கேட்டபோது தரவில்லை.

சிறுசேரி சிப்காட்டில் வேலை பார்த்தபோது அலுவலகத்துக்கு ஸ்டெம்செல் பதிவு முகாம் வந்தது. கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்த்துக் கொடுத்தேன். உடனே படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டேன். அங்கே கிடைக்கும் பாராட்டுக்காகத்தான் வரிசையில் நின்றேன்.

30 வயதில் அழைப்பு வந்தது. ரத்தப் புற்றுநோய் வந்த ஒருவருக்கு என் ஹெச்எல்ஏ (திசு) வகை பொருந்துகிறது என்றார்கள். உடன்பிறந்தவரிடமே பொருத்தம் கிடைக்க நாலில் ஒரு பங்குதான் வாய்ப்பு. வெளியாளிடம் கிடைப்பது மிக அரிது. "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்றேன். கேட்கவில்லை. முதுகெலும்பில் குத்துவார்களோ என்று பயம். பெரும்பாலும் நான்கைந்து நாள் ஊசி, பிறகு சில மணி நேரம் கையில் குழாயோடு படுத்திருப்பது, அவ்வளவுதான் என்று முகாமிலேயே விளக்கியிருந்தார்கள். தெரிந்தும் பயந்தேன். மறுபடி அழைத்தபோது "அம்மா சம்மதிக்கவில்லை" என்றேன். அம்மாவுக்கு அப்படி ஒரு விஷயமே தெரியாது.

எதை மறுத்தேன் என்று பிறகுதான் படித்தேன். ரத்த ஸ்டெம்செல்கள் இருக்கும் எலும்பு மஜ்ஜைக்கும் வயதாகிறது. பிறக்கும்போது எலும்பு முழுக்கச் சிவப்பு மஜ்ஜை. வயது ஏற ஏற அந்த இடத்தைக் கொழுப்பு பிடிக்கிறது. ஸ்டெம்செல்கள் எண்ணிக்கையில் குறைவதில்லை, திறனில் குறைகின்றன. லிம்போசைட் என்ற வெள்ளணுக்களை முன்போல உருவாக்குவதில்லை. மரபணுப் பிழை ஏறிய ஒரே செல்லின் வாரிசுகள் பெருகுகின்றன. 70 வயதைத் தாண்டியவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு இப்படி என்று 2014இல் வந்த ஆய்வுகள் காட்டின. 1987 முதல் 1999 வரை அமெரிக்கக் கொடையாளர் பதிவகம் வழியாக நடந்த சுமார் 7,000 மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைகளையும் ஆராய்ந்திருக்கிறார்கள். கொடையாளருக்கு 18 முதல் 30 வயது என்றால், ஐந்து ஆண்டுக்குப் பிறகு நோயாளிகளில் 33 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். 45ஐத் தாண்டியவர் என்றால் 25 சதவீதம்.

வித்தியாசம் நூற்றில் எட்டுப் பேர். எனக்காகக் காத்திருந்த நோயாளி என்னை விட்டு அப்படி மூத்த ஒருவரிடம் போயிருந்தால், அந்த எட்டில் ஒருவராக அவரைத் தள்ளியது நானாக இருக்கலாம். வேறு ஆளே கிடைக்காமல் போயிருந்தால்? அதை நினைக்காமல் இருக்கப் பல வருஷம் பழகிக்கொண்டேன்.

சமீபத்தில்தான் அம்மாவிடம் சொன்னேன். தன் பெயரில் பொய் சொன்னதை அவர் பொருட்படுத்தவில்லை. "அந்தப் புள்ளைக்கு அப்புறம் என்னப்பா ஆச்சு?" என்று மட்டும் கேட்டார். தெரியாது. விசாரிக்கும் துணிவும் எனக்கு வந்ததில்லை.

இப்போது 46. அழைத்தால் வருகிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். 25 வயதுக்காரர் ஒருவரும் பொருந்தினால் மருத்துவர் அவரைத்தான் எடுப்பார். எடுக்கவும் வேண்டும்.