பாடம் சொன்னவன் கற்ற பாடம்



இருபது வருடங்களாக மாணவர்களுக்குப் பிக்ஹ் பாடம் நடத்தி வருகிறேன். ஹைழ், இஸ்திஹாழா பற்றிய பகுதி வரும்போது, பாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரழி) தமக்கு உதிரம் நிற்காமல் போவதை நபி (ஸல்) அவர்களிடம் நேரில் வந்து கேட்ட செய்தியைச் சொல்வேன். உம்மு ஹபீபா பின்த் ஜஹ்ஷ் (ரழி) ஏழு வருடங்கள் இதே உபாதையில் இருந்ததையும் சொல்வேன். கேட்க வேண்டியதைக் கேட்க வெட்கம் தடையாகக் கூடாது என்று பாடத்தை முடிப்பேன்.

அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த என் வீட்டிலேயே, என் மனைவி ஒரு வருடத்துக்கும் மேலாக உதிரப் பெருக்கால் அவதிப்பட்டிருக்கிறாள். எனக்குத் தெரியாது!

எங்கள் வீடு நயினாதீவில். 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது புத்தளம் போன எங்கள் உறவினர்களில் பெரும்பாலோர் அங்கேயே தங்கிவிட்டார்கள். மனைவியின் உம்மாவும் சகோதரிகளும் அங்கேதான். மனம்விட்டுப் பேச அவளுக்கு இங்கே இருந்தவர் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர்தான். அவர்தான் ஒருநாள் வேலியோரம் நின்று, "மௌலவி, உங்கட மனுசி வெளிறிப்போய்க் கிடக்கிறா. நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றார்.

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்று மனைவியைக் கேட்டேன். "வயசோட வாறதுதானே. உங்களிட்ட இதை எப்பிடிச் சொல்லுறது?" என்றாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

மறுநாள் முதல் வள்ளத்தில் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து, பஸ் ஏறி, புங்குடுதீவும் வேலணையும் கடந்து, பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போனோம். இரத்தத்தில் ஹீமோகுளோபின் 7 தான் இருந்தது. ஒரு பெண்ணுக்கு அது 12க்குக் குறையக் கூடாதாம். ஸ்கேனில் கருப்பை பெரிதாகி, அதில் பல கட்டிகள் தெரிந்தன. 'பைப்ரொயிட்' எனும் இக்கட்டிகள் நாற்பதை ஒட்டிய வயதில் அநேகம் பெண்களுக்கு வருபவை. மிகப் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல.

மாத்திரை, கருப்பைக்குள் வைக்கும் ஹோர்மோன் சாதனம், கட்டியை மட்டும் அகற்றுவது என்று வேறு வழிகளும் இருப்பதை டொக்டர் விளக்கினார். இவளுக்குக் கட்டிகள் பெரியவை, பல, பிள்ளைப்பேறும் முடிந்துவிட்டது. எனவே வயிற்றைத் திறந்து கருப்பையை அகற்றுவதே நல்லது என்றார். சூலகங்களை விட்டுவைப்பதாகவும் சொன்னார். அவற்றையும் எடுத்தால் மாதவிடாய் நிற்கும் பருவத்தின் உடற்சூடும் வியர்வையும் உடனே தொடங்கிவிடுமாம். சத்திரசிகிச்சைக்கு முன் இவற்றையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை.

முதலில் இரத்தம் ஏற்றி உடம்பைத் தேற்றினார்கள். பிறகு ஒருநாள் காலை, வெறும் வயிற்றோடு, முள்ளந்தண்டில் ஊசி போட்டு, அடிவயிற்றில் குறுக்காக வெட்டிச் செய்தார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிந்தது. அன்று சலக்குழாயும் சேலைனும் இருந்தன. மறுநாளே தாதிமார் எழுப்பி நடக்க வைத்தார்கள். "புண்ணோடு நடப்பதா?" என்று நான் பதறினேன். படுத்தே கிடந்தால் கால் நரம்பில் இரத்தம் கட்டி, அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து என்றார்கள். வெட்டின வலியைவிட வயிற்றில் வாயு அடைத்த வலிதான் அவளை அதிகம் வருத்தியது. அதற்கும் நடைதான் மருந்து. இருமும்போது வயிற்றில் ஒரு தலையணையை அணைத்துக்கொள்ளவும் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். உடனே கடல் கடக்காமல், சோனகதெருவில் ஒரு உறவினர் வீட்டில் பத்து நாள் தங்கினோம். தீவகத்தார் முடிந்தால் இப்படிச் செய்வது நல்லது. காய்ச்சல், புண்ணில் சிவப்பு அல்லது சீழ், துர்நாற்றமான கசிவு, அதிக உதிரப்போக்கு, சலம் போவதில் தடை, கெண்டைக்காலில் வீக்கமும் வலியும், மூச்சுத்திணறல், இவற்றில் எது வந்தாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இரவில் வள்ளம் தேட முடியுமா?

ஊருக்கு வந்தபின் என் வேலை தொடங்கியது. ஆறிலிருந்து எட்டு வாரங்கள் பாரம் தூக்கக் கூடாது. நிறைகுடமும் பாரம்தான், கிணற்று வாளியும் பாரம்தான். நானே தண்ணீர் அள்ளினேன், துணி துவைத்தேன். மலச்சிக்கல் வராதிருக்க கீரையும் பழமும் நிறையத் தண்ணீரும் கொடுத்தேன். சில வாரங்கள் இலேசான கசிவு இருந்தது, அது வழமையானதே. தாம்பத்திய உறவையும் ஆறு வாரங்களாவது, டொக்டர் பார்த்துச் சொல்லும்வரை, தவிர்க்க வேண்டும்.

தொழுகை பற்றி அவள் கேட்டாள். இம்முறை வெட்கப்படவில்லை! கருப்பை எடுத்தபின் வரும் கசிவு ஹைழ் அல்ல. எனவே தொழுகை விடுபடாது. சுத்தம் செய்து, ஒவ்வொரு பர்ழுக்கும் வுழூச் செய்து, குனிய முடியாதவரை உட்கார்ந்தே தொழலாம் என்றேன். பெண் வைத்தியர் கிடைக்காதபோது, தேவையின் நிமித்தம் ஆண் வைத்தியர் பார்ப்பதிலும் குற்றமில்லை.

மூன்றாம் வாரம் ஒருநாள் காரணமில்லாமல் அழுதாள். "இனி நான் ஒரு பொம்பிளையா?" என்றாள். கருப்பை பிள்ளையைச் சுமந்த இடம். பெண்மை அதில் மட்டும் இருப்பதல்ல என்றேன். அதைவிடப் பெரிய மருந்து, அன்று நான் பக்கத்தில் இருந்ததுதான் என்று பிறகு சொன்னாள். அகற்றிய கருப்பையின் பரிசோதனை அறிக்கையையும் மறவாமல் வாங்கினோம். அல்ஹம்துலில்லாஹ், பயப்பட ஒன்றுமில்லை.

சகோதரர்களே! உங்கள் மனைவி வெளிறியிருக்கிறாரா, படியேறினால் இளைக்கிறாரா என்று இன்றைக்கே பாருங்கள். கேளுங்கள். சகோதரிகளே! 35 வயதைத் தாண்டியவர்கள் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போய் ஒருமுறை காட்டுங்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் வழி சொல்வார்.

இப்போது அந்தப் பாடத்தை நடத்தும்போது, "உங்கள் வீட்டில் உம்மாவிடம் போய் நலம் விசாரியுங்கள்" என்று சேர்த்துச் சொல்கிறேன். அல்லாஹ் நம் இல்லத்துப் பெண்கள் அனைவருக்கும் பூரண சுகத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.