தைக்காமல் விடுதல்

ராணுவத்துக்குப் புதிதாக வரும் எலும்பு அறுவை மருத்துவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: போர்க்காயத்தை உடனே தைக்காதீர்கள். தைத்து மூடியே பழகிய கைக்கு இது எளிதல்ல. எலும்பு தெரியக் கிடக்கும் காலைத் திறந்தபடி அனுப்ப மனம் ஒப்பாது.

கண்ணிவெடியை மிதித்தவன் காலில் வெளியே தெரிவது பாதிச் சேதம்தான். வெடியின் வேகம் மண்ணையும் புல்லையும் பூட்ஸ் துணுக்குகளையும் தசைகளுக்கு இடையே மேல்நோக்கி ஏற்றிவிடும். போனது பாதமாக இருந்தாலும் அழுக்கு கெண்டைக்கால் வரை போயிருக்கும். தோலைக் கீறித் திறந்து ஒவ்வொரு தசையாகப் பார்க்க வேண்டும். நிறம் மாறியிருக்கிறதா, தொட்டால் கூழாக நசுங்குகிறதா, இடுக்கியால் கிள்ளினால் துடிக்கிறதா, வெட்டினால் ரத்தம் கசிகிறதா? செத்த தசையை இரக்கமில்லாமல் எடுத்துவிட வேண்டும். பிறகு லிட்டர் கணக்கில் சலைன் ஊற்றிக் கழுவி, தளர்வாகக் கட்டி, ஹெலிகாப்டரில் ஏற்றிவிடுவோம். காயம் சுத்தமாக இருந்தால் நான்கைந்து நாளில் பின்னாலிருக்கும் மருத்துவமனையில் வேறொருவர் தைப்பார். அன்றே மூடினால் உள்ளே அடைபட்ட கிருமி காலைத் தின்றுவிடும், சில சமயம் ஆளையும். முதல் உலகப் போரில் எத்தனையோ உயிர்களைக் கொடுத்து மருத்துவம் கற்ற பாடம் இது.

தொடங்குபவர் ஒருவர், முடிப்பவர் வேறொருவர் என்பதால் எங்கள் கத்திக்குத் தொலைநோக்கு வேண்டும். காஷ்மீர் மலையில் அடிபட்டவன் ஸ்ரீநகர் 92 பேஸ் ஹாஸ்பிடல் வழியாக, கடைசியில் புனே செயற்கை உறுப்பு மையத்துக்கு வந்து சேர்வான். 1944-இல் தொடங்கிய மையம் அது. அங்கே செயற்கைக் காலுக்குச் சாக்கெட் செய்யப்போகிறவரை நான் எலும்பை அறுக்கும்போதே நினைத்துக்கொள்வேன். உயிரோடிருக்கும் தோலில் ஒரு துண்டைக்கூட வீணாக்க மாட்டேன். முழங்கால் மூட்டைக் காப்பாற்ற முடிந்தவரை போராடுவேன். மூட்டு போய்விட்டால் ஒவ்வொரு அடிக்கும் அவன் மிக அதிகமாக உழைக்க வேண்டியிருக்கும்.

வலி தணிந்ததும் ஜவான்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றைத்தான்: "சாப், பட்டாலியனுக்குத் திரும்ப முடியுமா?" 1971 போரில் கண்ணிவெடியால் காலை இழந்து, பின்னர் பட்டாலியனுக்கும் பிரிகேடுக்கும் தலைமையேற்ற இயான் கார்டோசோவைப் பற்றிச் சொல்வேன். பிறகு போர்வையை விலக்கி, முழங்காலை மடக்கி நீட்டச் சொல்வேன்.