வராத நாளிதழ்

தில்லியில் கரோல் பாக் பகுதியில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் எங்கள் வீடு இருந்தது. அப்பா தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்தவர். மைய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். காலையில் காப்பி ஆறுவதற்குள் நாளிதழின் முதற்பக்கத்தைப் படித்து முடித்துவிடுவது அவர் வழக்கம். 1975ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் காப்பி ஆறிப்போயிற்று, நாளிதழ் வரவில்லை. எனக்கு அப்போது வயது பதினொன்று.

எட்டு மணிக்கு வானொலியில் பிரதமர் இந்திரா காந்தி பேசினார். குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலையை அறிவித்திருக்கிறார் என்றும், மக்கள் கலங்க வேண்டியதில்லை என்றும் கூறினார். அப்பா வானொலியை அணைத்துவிட்டு, எதிர்வீட்டுக் கதவைப் பார்த்தார். அது பூட்டப்படாமல், சாத்தப்படாமல், பாதி திறந்து கிடந்தது.

எதிர்வீட்டில் இருந்தவர் ஒரு கல்லூரி ஆசிரியர். 1947இல் லாகூரிலிருந்து அகதியாக வந்த குடும்பம். நாங்கள் அவரைச் சாச்சா என்றும், அவர் மனைவியைச் சாச்சி என்றும் அழைப்போம். முதல் நாள் மாலை ராம்லீலா திடலில் ஜெயப்பிரகாஷ் நாராயண் பேசிய கூட்டத்திற்குச் சாச்சா சென்றிருந்தார். பிரதமரின் தேர்தல் வெற்றி செல்லாது என்று ஜூன் 12ஆம் நாள் அலகாபாத் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது; அவர் பதவி விலக வேண்டும் என்று கேட்ட கூட்டம் அது. விடியுமுன் காவலர்கள் வந்து சாச்சாவை அழைத்துச் சென்றுவிட்டனர். எங்கே, எதற்காக என்று சாச்சிக்கு யாரும் சொல்லவில்லை.

பெரியவனான பின்புதான் அந்த இரவில் நடந்தவற்றைப் படித்து அறிந்தேன். தெருவில் பீரங்கி வண்டிகள் வரவில்லை. ஒரு குண்டும் வெடிக்கவில்லை. அரசமைப்புச் சட்டத்திலேயே இருந்த 352ஆம் பிரிவின்படி, நள்ளிரவுக்குச் சற்று முன் ஒரு தாளில் ஒரு கையொப்பம் இடப்பட்டது. அமைச்சர்களுக்கே மறுநாள் காலையில்தான் செய்தி தெரிந்தது. நாளிதழ் அலுவலகங்கள் நிறைந்த பகதூர் ஷா சாஃபர் சாலையில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. அதனால்தான் எங்கள் வீட்டில் காப்பி ஆறிப்போயிற்று. மக்களாட்சியைக் காக்க எழுதிய நூலைக் கொண்டே அதை ஓர் இரவில் நிறுத்திவைக்க முடிந்தது என்பது இன்றும் எனக்கு வியப்பாகவே உள்ளது.

மறுநாள் முதல் அப்பா எங்களை எதிர்வீட்டுக்குச் செல்லவிடவில்லை. “நமக்கு எதற்கு வம்பு?” என்றார். அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வராது. அரசு ஊழியர், நான்கு பிள்ளைகள், ஊரில் மணமாகாத தங்கை. யார் எதைச் சொல்லிக் காட்டிக்கொடுப்பார்கள் என்று அலுவலகத்தில் ஒவ்வொருவரும் அஞ்சியிருந்தனர். ஆயினும் அம்மா கேட்கவில்லை. இருட்டிய பின் ஒரு தூக்கில் சாம்பாரை ஊற்றி என் கையில் கொடுப்பார். சாச்சி அதை வெறுமையாகத் திருப்பித் தந்ததே இல்லை. ஒருநாள் ராஜ்மா இருக்கும். ஒன்றும் இல்லாத நாளில் ஒரு பிடி சர்க்கரையேனும் இருக்கும். அப்பா அந்தத் தூக்கைப் பார்த்தும் பாராதவர்போல் இருப்பார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்நாட்களைப் பலர் விரும்பவும் செய்தனர், என் அப்பா உட்பட. ஊழியர்கள் நேரத்திற்கு வந்தனர், வேலைநிறுத்தங்கள் நின்றன. 1976 கோடையில் நாங்கள் ஊருக்குச் சென்றபோது, ஜி.டி. எக்ஸ்பிரஸ் குறித்த நேரத்தில் சென்னையை அடைந்தது. அப்பா தம் கைக்கடிகாரத்தை இருமுறை பார்த்து மகிழ்ந்தார். பெட்டிகளை இறக்கிக்கொண்டே அம்மா சொன்னார்: “வண்டி நேரத்திற்கு வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர்தாம் இன்னும் வரவில்லை.” அப்பா கடிகாரம் கட்டிய கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

சாச்சாவைப் போல ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றிச் சிறையில் இருந்தனர். அவர்களுக்காக நீதிமன்றம் செல்ல முடியுமா என்ற கேள்விக்கு, 1976 ஏப்ரல் 28இல் உச்சநீதிமன்றம் விடையளித்தது. ஐந்து நீதிபதிகளுள் நால்வர், முடியாது என்றனர். எச். ஆர். கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டார். மூத்தவராக இருந்தும் அவருக்குத் தலைமை நீதிபதிப் பதவி தரப்படவில்லை, அவர் விலகிக்கொண்டார். நாடாளுமன்றமோ தன் ஆயுளைத் தானே நீட்டித்துக்கொண்டது.

1977 ஜனவரி 18ஆம் நாள், யாரும் எதிர்பாராத வகையில், பிரதமர் தேர்தலை அறிவித்தார். ஏன் அறிவித்தார் என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். அவர் அறிவிக்காதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதே என்னை உறுத்தும் கேள்வி. அடுத்த சில நாட்களில் சாச்சா வீடு திரும்பினார். மெலிந்திருந்தார், தாடி நரைத்திருந்தது. அப்பா எதிர்வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நெடுநேரம் நின்றார். பிறகு, “நான் ஒருநாள்கூட வரவில்லை” என்று இந்தியில் சொன்னார்.

“சாம்பார் வந்தது என்று எனக்கு எழுதியிருந்தாள்” என்றார் சாச்சா.

மார்ச் 20ஆம் நாள் இரவு, அப்பா என்னைப் பகதூர் ஷா சாஃபர் சாலைக்கு அழைத்துச் சென்றார். நாளிதழ் அலுவலகங்களின் முன் பலகைகளில் முடிவுகளை எழுதிக்கொண்டிருந்தனர். மின்சாரம் துண்டிக்கப்பட்ட அதே சாலையில் விளக்கொளியும் மக்கள் வெள்ளமும்! ரேபரேலித் தொகுதியில் பிரதமரே தோற்றார் என்ற செய்தி பரவியபோது, அறிமுகமில்லாத ஒருவர் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அப்பா வாய்விட்டு அழுததை அன்றுதான் முதன்முறையாகக் கண்டேன்.

ஆனால் ஊரிலிருந்து மாமா எழுதிய கடிதம் வேறுவிதமாக இருந்தது. அவர் எம்.ஜி.ஆரின் கட்சிக்கு வாக்களித்திருந்தார். அது காங்கிரசுடன் கூட்டணி வைத்திருந்தது. தமிழ்நாட்டின் பெரும்பாலான தொகுதிகளில் அக்கூட்டணியே வென்றது. முந்தைய ஆண்டு அம்மாநில அரசு கலைக்கப்பட்டிருந்தும், அங்கு மக்களின் கணக்கு வேறாக இருந்தது. வடக்கே கட்டாயக் கருத்தடை ஏற்படுத்திய அச்சம் அங்கு அந்த அளவுக்கு இல்லை. அப்பா சினந்து, இரண்டு வாரம் மாமாவுக்குப் பதில் எழுதவில்லை.

புதிய அரசு சில கதவுகளுக்குத் தாழிட்டது. 1978இல் செய்த 44ஆம் திருத்தத்தின்படி, அமைச்சரவை எழுத்துவழிப் பரிந்துரைத்தால் அன்றி நெருக்கடி நிலையை அறிவிக்க இயலாது. உயிர் வாழும் உரிமையை எந்நிலையிலும் நிறுத்திவைக்கவும் இயலாது. அதன்பின் வென்றவர்கள் தமக்குள் சண்டையிட்டே ஆட்சியை இழந்தனர். வெங்காய விலை ஏறியது. 1980 ஜனவரியில் அதே மக்கள் இந்திரா காந்தியைப் பெரும்பான்மையுடன் மீண்டும் ஆட்சியில் அமர்த்தினர்.

முடிவு வந்த மறுநாள் காலை சாச்சா எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். அவருடைய நாளிதழ் இன்னும் வரவில்லையாம். அப்பாவின் முகம் ஒரு கணம் வெளிறியது. “பையன் மிதிவண்டிச் சக்கரத்தில் காற்று இல்லையாம், அவ்வளவுதான்” என்று சாச்சா சிரித்தார். அப்பா நாளிதழை இரண்டாகப் பிரித்து, முதற்பக்கம் உள்ள பாதியை அவரிடம் நீட்டினார். அம்மா இன்னொரு தம்ளர் காப்பி கொண்டுவந்தார்.