தண்ணீர்ப் படிக்கட்டு

இங்கிலாந்தின் கால்வாய்களில் இன்று செல்லும் வள்ளங்களில் நிலக்கரி இல்லை; பஞ்சுப் பொதி இல்லை; பீங்கான் செய்யும் வெண்களியும் இல்லை. பூச்சாடிகளும் சாய்வு நாற்காலிகளும் தேநீர்க் கேத்தல்களும் இருக்கின்றன. சரக்கேற்றுவதற்கென்று வெட்டப்பட்ட வழிகள் உல்லாசத்துக்கு உரியனவாகிவிட்டன. கால்வாய்களைப் பராமரிக்கும் அறக்கட்டளையின் பொறுப்பில் மாத்திரம் சுமார் 2,000 மைல் நீர்வழியும் 30,000க்கு மேற்பட்ட வள்ளங்களும் உள்ளன. சிலர் இதனைப் பூலோக சுவர்க்கம் என்பர். அவ்வளவு தூரம் செல்ல நாம் தயாரில்லை. என்றாலும் மூன்று நாட்கள் அவ்வழியே மிதந்து சென்ற பின்னர், அதைச் செல்வர்களின் வீண் பொழுதுபோக்கென்று ஒதுக்கவும் எமக்கு மனமில்லை.

எம்மை ஏற்றிச் சென்ற நண்பர் தனவந்தர் அல்லர். முப்பது வருஷம் லண்டனில் பஸ் ஓட்டி, இளைப்பாறியபோது கிடைத்த பணத்தில், பலர் கைமாறிய இரும்பு வள்ளமொன்றை வாங்கியவர். ஐம்பது அடி நீளம். அகலமோ ஏழு அடிக்கும் குறைவு. பின்னணியத்தில் நின்று சுக்கான் தடியை இடப்பக்கம் தள்ளினால் முன்னணியம் வலப்பக்கம் திரும்பும். மணிக்கு நான்கு மைலுக்கு மேற்படக் கூடாதென்பது விதி. கரையில் நாயோடு உலாவும் கிழவர் எம்மை முந்திச் சென்று, திரும்பிப் பார்த்துத் தொப்பியை உயர்த்துவார்.

“மாஸ்ரர், முப்பது வருசம் மணிக்கூட்டுக்குப் பயந்து பஸ் ஓடினனான். இஞ்சை மணிக்கூடு எனக்குப் பயப்பிடுது” என்றார் நண்பர்.

நாம் சென்றது கெனற்–ஏவன் கால்வாய். லண்டன் பக்கத்துத் தேம்ஸ் நதியையும் மேற்கேயுள்ள பிறிஸ்ரல் துறைமுகத்தையும் இணைப்பதற்காக, ஜோன் றெனி என்ற பொறியியலாளரின் திட்டப்படி வெட்டப்பட்டு, 1810 இல் முற்றுப் பெற்றது. பிறட்போட் என்ற சிற்றூரிலிருந்து கிழக்கு நோக்கிச் சென்றால், டிவைசஸ் நகரின் கீழே ஒரு குன்று வழியை மறிக்கிறது. வள்ளம் குன்றேற வேண்டும். இரண்டு மைல் தூரத்துக்குள் 237 அடி உயரம்; அதற்கு 29 ‘லொக்’குகள். ‘லொக்’ என்றால் பூட்டு. நாமும் பூட்டென்றே சொல்வோம்.

குளத்து மதகையும் வான்கதவையும் கண்டு வளர்ந்தவர்களுக்கு இதன் சூட்சுமம் எளிதிலே புரியும். கல்லாலோ செங்கல்லாலோ கட்டிய நீண்ட தொட்டி. மேலே ஒரு சோடிக் கதவு, கீழே ஒரு சோடிக் கதவு. வள்ளம் கீழ்க்கதவால் உள்ளே புகும், கதவு சாத்தப்படும். முழங்கைபோல வளைந்த இரும்புச் சாவியால் மேற்பக்க மதகுப் பலகையை உயர்த்தினால் மேலிருந்து நீர் பாய்ந்து தொட்டி நிரம்பும். வள்ளமும் கூடவே உயரும். இதற்குப் பம்பும் வேண்டாம், நெருப்பும் வேண்டாம். நீர் பள்ளத்தை நாடுமென்ற பழைய உண்மையே போதும். இரு கதவுகளும் மேட்டுப் பக்கம் நோக்கிக் கூராகச் சந்திப்பதால், நீரின் பாரமே அவற்றை இறுக்கிப் பூட்டுகிறது. பத்துப் பயில்வான்கள் சேர்ந்து தள்ளினாலும் அசையாது. இருபுறமும் நீர் மட்டம் சமமாகிவிட்டால் ஒரு சிறுமி முதுகைக் கொடுத்துத் திறந்துவிடுவாள்.

இது ஐரோப்பியர் கண்டதென்று நினைப்பவர்கள் உண்டு. கி.பி. 984 இல் சீனத்தின் பெருங்கால்வாயில் சியாவ் வெய்யுவே என்ற அதிகாரி இத்தகைய இரட்டைக் கதவுத் தொட்டியை அமைத்துவிட்டார். அதற்கு முன்பு வள்ளங்களைச் சரிவில் கயிறு கட்டி இழுத்தேற்றுவர். வள்ளம் உடையும், உடைந்த சந்தர்ப்பத்தில் அரசாங்கத் தானியம் களவு போகும். அந்தத் திருடர்களும் விஞ்ஞானத்துக்குச் சிறிது தொண்டு செய்தவர்களே.

இங்கிலாந்திலோ தூண்டுகோல் நிலக்கரி. பிறிஜ்வாட்டர் பிரபுவின் சுரங்கத்திலிருந்து மான்செஸ்ரருக்கு 1761 இல் கால்வாய் திறந்ததும், அந்நகரில் நிலக்கரி விலை பாதியளவுக்கு வீழ்ந்தது. பின்னர் அதே நீர்வழி மேர்சி நதியோடு இணைய, லிவர்பூலில் இறங்கிய பஞ்சும் அவ்வழியே ஆலைகளுக்குச் சென்றது. அமெரிக்கத் தோட்டங்களில் அப்பஞ்சைப் பறித்த கரங்கள் அடிமைகளின் கரங்கள். பிரபுவின் பெயர் கால்வாய்க்கு நிலைத்தது. திட்டமிட்ட பிறின்ட்லியின் பெயரைச் சரித்திர நூல்கள் சொல்கின்றன. மண்வெட்டியும் தள்ளுவண்டியும் கொண்டு அதனைத் தோண்டியவர்களுக்கு, களிமண்ணும் நீரும் குழைத்து மிதித்துக் கால்வாயின் அடியை ஒழுகாமல் ஆக்கியவர்களுக்கு, ‘நவி’ என்ற பொதுப்பெயர் ஒன்றே மிச்சம்.

டிவைசஸ் குன்றடிக்கு ஒரு சனிக்கிழமை காலை சேர்ந்தோம். இங்குள்ள தொட்டிகள் அகலமானவை. இரு வள்ளங்கள் பக்கத்துக்குப் பக்கம் நிற்கலாம். தனியே ஏறுவது தண்ணீரை விரயம் செய்வதாகும். குன்றடியிலிருந்து உச்சிக்கு நீரைத் திருப்பி அனுப்ப 1996 இல் பெரிய பம்பு வைத்த பின்னரும், துணைக்கு ஒரு வள்ளத்தைத் தேடிக்கொள்வதே மரியாதை. எமக்குத் துணையாக வந்தது சாயம் மங்கிய ஒரு வள்ளம். கூரையிலே விறகுக் கட்டு, ஒரு துவிச்சக்கர வண்டி, தக்காளிச் செடிகள். அதிலே ஒரு தாயும் பத்து வயது மகளும்.

ஏறி முடிக்க ஆறு மணி நேரம் சென்றது. நடுவிலுள்ள பதினாறு பூட்டுகளும் ஒரே நேர்கோட்டில், கோயிற் படிக்கட்டுப்போல எழுகின்றன. சிறுமி சாவியோடு முன்னால் ஓடி அடுத்த தொட்டியைத் தயார் செய்து வைப்பாள். எம் நண்பர் ஒரு பலகையை அவசரமாக உயர்த்தப்போக, “மெதுவாக, முதலில் பாதி” என்று அவள் அதட்டினாள். அவரும் பணிந்தார்.

தாய் முதியோர் இல்லமொன்றில் இரவு வேலை செய்பவள். சம்பளத்தில் பாதிக்கு மேல் வீட்டு வாடகை விழுங்கியபடியால், ஆறு வருஷத்துக்கு முன்பு கடன்பட்டு வள்ளத்தை வாங்கினாளாம். நிரந்தரத் துறைக்குக் கட்டணம் கட்ட அவளால் முடியாது. துறையில்லாத வள்ளம் ஓரிடத்தில் பதினான்கு நாட்களுக்கு மேல் நிற்கலாகாதென்பது 1995 ஆம் ஆண்டுச் சட்டம். நியாயமான காரணமிருந்தால் சிறிது நீடிக்கலாம். வேலை நகர்வதில்லை, பள்ளிக்கூடமும் நகர்வதில்லை. வீடு மாத்திரம் நகர வேண்டும். பிள்ளையின் பள்ளிக்கூடம் நாம் கடந்துவந்த ஊரொன்றிலே இருந்தது. ஒவ்வொரு பூட்டும் அவளை அதிலிருந்து தூரமாக்கிக்கொண்டிருந்தது.

எமக்கு வேறொரு சட்டம் நினைவுக்கு வந்தது. புகையிரதத்தின் போட்டியால் கூலி குறைந்த காலத்தில் வள்ளக்காரர் கரைவீட்டை விட்டுக் குடும்பத்தோடு வள்ளத்திலேயே குடியேறினர். பத்தடி நீளமும் ஏழடிக்குட்பட்ட அகலமும் கொண்ட அறையிலே பிறப்பு, சமையல், நோய், மரணம் எல்லாம். மனைவியும் மக்களும் கூலியின்றி வேலை செய்தனர். எழுத்தறியாத அந்தப் பிள்ளைகளுக்காக ஜோர்ஜ் ஸ்மித் என்பவர் ஓயாது போராடியதன் பலனாக 1877 இல் கால்வாய் வள்ளச் சட்டம் வந்தது. அதன்படி ஒவ்வொரு குடியிருப்பு வள்ளமும் ஓர் ஊருக்கு உரியதாகப் பதியப்பட வேண்டும். கல்வி விஷயத்தில் வள்ளத்துப் பிள்ளை அவ்வூர்ப் பிள்ளையாகவே கருதப்படும். நடைமுறையில் அது முழுதும் பலித்ததென்று சொல்லமாட்டோம். எனினும், நகர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கும் ஓர் ஊர் வேண்டுமென்று அன்றைய பாராளுமன்றத்துக்குத் தோன்றியிருக்கிறது.

நண்பர் இதனை ஒப்பவில்லை. “நாங்கள் துறைக்குக் காசு கட்டிறம், மாஸ்ரர். கரை இடிஞ்சால் ஆர் கட்டிறது? எல்லாரும் பங்கு குடுக்கத்தானே வேணும்?” என்றார். அவர் கேள்வியிலும் நியாயமுண்டு. அறக்கட்டளைக்குரிய அரசாங்க மானியம் 2027 தொடக்கம் படிப்படியாகக் குறையுமென்று 2023 இல் அறிவித்தனர். 2024 ஏப்ரல் முதல் துறையில்லாத வள்ளங்களிடம் உத்தரவுப்பத்திரத்துக்கு மேலதிகக் கட்டணம் அறவிடப்படுகிறது. ஆனால் பொதுச் சொத்தின் செலவை அரசு கைகழுவும்போது, அந்தச் சுமையை எவர் தோளில் முதலில் ஏற்றுகிறார்கள் என்பதையல்லவா பார்க்க வேண்டும்? புகையிரதக் கம்பெனி 1852 இல் இந்தக் கால்வாயை வாங்கி நலிய விட்டது. 1948க்குப் பின் இக்குன்றிலே வள்ளம் ஏறவில்லை. சேறு வாரி, கதவு பொருத்தி, 1990 இல் மீண்டும் திறக்கச் செய்தவர்களில் சம்பளமின்றி உழைத்த சாதாரண ஜனங்கள் ஏராளம். அவர்கள் மீட்டது உல்லாசப் பிரயாணிகளுக்காக மாத்திரம் என்று நாம் நம்பவில்லை. இதைச் சொன்னபோது நண்பர் சுக்கானைப் பார்த்தபடி மௌனமாயிருந்தார்.

உச்சியில் இரு வள்ளங்களும் கயிறு அவிழ்த்துப் பிரிந்தன. அப்பால் பதினைந்து மைலுக்குப் பூட்டே கிடையாது. தாய் கரையிலே முளை அறைந்து வள்ளத்தைக் கட்டினாள். சிறுமி நாட்காட்டியை எடுத்துவந்து, கூரைமேல் வைத்துப் பதினான்கு கட்டங்களை எண்ணினாள். விடைபெறும்போது எம் நண்பர் அவளிடம் ஒன்று மாத்திரம் கேட்டார்: திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு எத்தனை மணிக்குப் பஸ்? ஏழு மணிக்கு, இடையிலே ஒருமுறை மாறி ஏற வேண்டும் என்றாள். அவர் பழைய பழக்கத்திலே விரல்களை மடக்கிக் கணக்குப் பார்த்தார். இரண்டாவது பஸ் பிந்தினால் என்ன செய்வாய் என்று மறுபடியும் கேட்டார்.