பரிசலின் அடி

பரிசல் கட்டும் எங்கள் பெரியப்பா மூங்கிலைக் காதால் பார்த்துத்தான் வாங்குவார். கழியை நிறுத்தி அரிவாள் முதுகால் ஒரு தட்டு. கணீரென்று வந்தால் முற்றல். மொத்தென்று வந்தால் இளசு, ஓரமாகச் சாய்த்துவிடுவார். கணுவில் உறை ஒட்டிக்கொண்டிருந்தாலோ தண்டில் வெள்ளை மாவு பூத்திருந்தாலோ தட்டக்கூட மாட்டார். "இது இன்னும் பச்சப்புள்ள கண்ணு. காஞ்சா சுருங்கும், சுருங்குனா பின்னல் தளரும்" என்பார்.

எண்பதுகளில் என் கோடை விடுமுறைகள் ஒகேனக்கல்லை ஒட்டிய ஊட்டமலையில்தான் கழிந்தன. குடகிலும் வயநாட்டிலும் மழை பிடித்துக்கொண்டால் காவிரி செந்நீராகப் பொங்கி வரும், பரிசல் ஓடாது. அதற்கு முன்னதாக, புதிதாகக் கட்டுவதும் பழையதற்குத் தார் பூசுவதும் வெயில் காலத்து வேலை.

மூங்கிலைத் தேய்பிறையில்தான் வெட்ட வேண்டும் என்பார்கள். நிலாவுக்கும் பூச்சிக்கும் என்ன உறவோ, எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். ஆனால் வெட்டிய கழியைத் தண்ணீரில் ஊறப்போடுவதில் விஷயம் இருக்கிறது. உளுப்பூச்சி தேடி வருவது மூங்கிலுக்குள் இருக்கும் மாவுச்சத்தை. அது கரைந்து போய்விட்டால் பூச்சிக்கு அங்கே வேலை இல்லை.

பிளந்த பத்தையில் வெளித்தோல் பக்கம் வழுவழுவென்று கெட்டியாக இருக்கும். உள்பக்கத்துச் சதைதான் ஈரம் குடித்து முதலில் மக்கும். அதைச் சீவி எறிந்த பிறகே பின்ன உட்காருவார். தரையிலேயே நடுவிலிருந்து பின்னல் விரியும். போதிய அகலம் வந்ததும் நடுவில் பாறாங்கற்களை ஏற்றி, ஓரங்களை மேலே வளைப்பார்கள். கல் உட்கார்ந்த இடம்தான் அடி. அங்கே மட்டும் கூடுதல் பத்தைகளை நெருக்கமாகச் செருகுவார். ஏறுகிறவர்களின் மொத்த எடையும், பாறையின் உரசலும் அங்கேதான் விழும். விளிம்பைக் கட்டுவதை எங்களிடம்கூட விடுவார், அடியை யாரையும் தொட விடமாட்டார்.

பிறகு வெளிப்புறத்தில் பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தி, உருக்கிய தாரைப் பூசுவார்கள். அவருடைய அப்பா காலத்தில் மாட்டுத்தோல். ஆலம்பாடி மாட்டுக்குப் பேர்போன பூமியில் தோலுக்குப் பஞ்சமில்லை, ஆனால் கவிழ்த்துக் காய வைக்காமல் விட்டால் அழுகிப்போகும். இந்தத் தோல் பரிசலுக்கு வயது அதிகம். 1520 வாக்கில் விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுகீசியர் டொமிங்கோ பயஸ், கூடை மாதிரி வட்டமான, வெளியே தோல் போர்த்திய படகுகள் பதினைந்து இருபது பேரை ஏற்றிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஆற்றைக் கடந்ததை எழுதி வைத்திருக்கிறார்.

தார் பூசும் நாளில் எங்களுக்குக் கிட்டத்தில் அனுமதி கிடையாது. கொதிக்கும் தார் தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டே சுடும். தூரத்தில் நின்று வாசனை பிடிப்போம். அந்த வாசனையும் கரையோரத்து மீன் வறுவல் வாசனையும் கலந்தால்தான் எனக்கு ஒகேனக்கல்.

"அடியில ஒட்டுப்பலகை போட்டுட்டா என்ன பெரியப்பா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பலகை பாறைகிட்ட முறைச்சுக்கும். மூங்கில் வளைஞ்சு குடுத்துப் போயிரும்" என்றார். வேறு காரணங்களும் உண்டு என்று பின்னால் புரிந்தது. ஒட்டுப்பலகை வெட்டுவிளிம்பு வழியாக ஈரத்தைக் குடிக்கும்; பசை தரமில்லை என்றால் அடுக்கு அடுக்காகப் பிரியும். அதோடு, பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரே ஆள் கரையேற வேண்டும். கனம் கூடினால் நடக்காது.

தார் எத்தனை பூச்சு பூசினாலும் மட்டமான மூங்கிலைக் காப்பாற்றாது என்பது என் கருத்து. ஒகேனக்கல் போனால், ஏறும் முன் பரிசலுக்குள் எட்டிப் பாருங்கள். அடிப்பத்தை ஒடிந்திருந்தாலோ தண்ணீர் கசிந்து தேங்கியிருந்தாலோ வேறு பரிசல் கேளுங்கள். உயிர்காப்பு உடையை மாட்டிக்கொள்ளுங்கள். படம் எடுக்கிறேன் என்று நடு ஆற்றில் எழுந்து நிற்காதீர்கள்.