சிட்லபாக்கத்தில் சித்திரை

கோடைக்காலம் வந்துவிட்டால் பத்திரிகைக்காரர்கள் ஊட்டியையும் கொடைக்கானலையும் பற்றி எழுத வேண்டும் என்பது ஒரு சம்பிரதாயம். மூடுபனி, படகு, மலர்க்காட்சி ஆகியவற்றைப் பற்றிப் படித்துவிட்டு வாசகர்கள் தங்கள் வீட்டு மின்விசிறியை ஒரு பெருமூச்சுடன் அண்ணாந்து பார்ப்பார்கள். இந்தத் தடவை அந்தச் சம்பிரதாயத்தைக் கொஞ்சம் மாற்றினால் என்ன என்று தோன்றிற்று. மலைக்குப் போகிறவர்கள் போகட்டும். சொந்த வீடு கட்டிக்கொண்ட ஒரே காரணத்தால் எங்கும் போக முடியாமல், அக்கினி நட்சத்திரத்தைத் தங்கள் வாசலில் நின்றே வரவேற்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுடைய ஊருக்கும் யாராவது ஒரு யாத்திரை போக வேண்டாமா? சித்திரை மாதக் கடைசி வாரத்தில் சென்னைக் கடற்கரை நிலையத்தில் தாம்பரம் மின்சார ரயிலில் ஏறினேன். பிரயாணச் செலவைக் கேட்டு எங்கள் காரியாலயக் கணக்கரின் முகம் மலர்ந்ததை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இந்தப் பாதையில் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931-ஆம் ஆண்டில். அன்று ஓடியது மீட்டர் கேஜ் வண்டி. 2004 வரை அந்தச் சின்ன வண்டிதான் தென் சென்னைப் புறநகர்வாசிகளைக் காலையில் அள்ளிக்கொண்டு போய் மாலையில் கொண்டு வந்து கொட்டிக்கொண்டிருந்தது. பழவந்தாங்கல், பல்லாவரம், குரோம்பேட்டை என்று தோல் கம்பெனியும் ஏரிக்கரையும் வயலுமாக இருந்த இடங்கள் எல்லாம் மனைகளாக மாறியது அந்த ரயிலின் புண்ணியத்தால்தான். கோடையில் மீனம்பாக்கத்துக்கு ஒரு தனிக் கௌரவமும் உண்டு. "நுங்கம்பாக்கத்தில் இத்தனை டிகிரி, மீனம்பாக்கத்தில் இத்தனை டிகிரி" என்று வானிலை அறிக்கையில் தினமும் பெயர் அடிபடும். கடலை விட்டுச் சற்றுத் தள்ளியிருப்பதால் பெரும்பாலும் மீனம்பாக்கம்தான் ஜெயிக்கும். 2003-ஆம் ஆண்டு மே மாதத்தில் சென்னையில் 45 டிகிரி அடித்ததை இந்தப் பக்கத்து மனிதர்கள் இன்னமும் ஒரு பெருமிதத்தோடு சொல்கிறார்கள், ஏதோ தாங்களே அடுப்பு மூட்டியதைப் போல!

திரிசூலத்தையும் பல்லாவரத்தையும் தாண்டும்போது ஜன்னலுக்கு வெளியே பாறைக் குன்றுகள் தெரியும். இந்தப் பக்கத்துக் கல் சாமான்யக் கல் அல்ல. கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இதே இனந்தான். அவர் பெயரால்தான் 1893-ல் ஹாலந்து என்ற புவியியல் நிபுணர் இதற்குச் 'சார்னோக்கைட்' என்று பெயரிட்டார். பல்லாவரத்துச் செம்மண் குழி ஒன்றில் ராபர்ட் புரூஸ் பூட் என்பவர் ஆதி மனிதனின் கல் ஆயுதத்தைக் கண்டெடுத்ததும் ஒரு கோடைக்காலத்தில்தான்: 1863, மே 30. அந்த வெயிலில் குனிந்து நின்று கல்லைப் பொறுக்கியவரின் உற்சாகத்தை என்னென்பது! இந்தக் கல்லைப் பற்றி நான் இவ்வளவு தூரம் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தப் பிரதேசத்து வீட்டுக்காரர்களின் கோடைக்காலம் முழுவதும் இந்தக் கல்லோடு போடும் மல்யுத்தந்தான்.

குரோம்பேட்டையில் இறங்கிக் கிழக்கே போனால் சிட்லபாக்கம். அங்கே என் சித்தப்பா வீடு. சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். 1970-களின் கடைசியில், தவளைச் சத்தத்துக்கு நடுவே ஒரு கிரவுண்டு மனை வாங்கினார். அந்தக் காலத்தில் வீடு கட்டுகிறவர்கள் முதலில் கிணறு வெட்டுவார்கள். அந்தத் தண்ணீரைக் கொண்டே வீட்டைக் கட்டுவார்கள். சித்தப்பா மனையில் பத்தடியிலேயே தண்ணீர் வந்துவிட்டதாம். இருபத்தெட்டு அடியில் பாறை தட்டியதும் போதும் என்று நிறுத்தி, உறை இறக்கினார்கள். அடுத்த நிறுத்தத்துக்குத் தாம்பரம் சானடோரியம் என்று பெயர் வந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும்: 1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோய்க்காரர்களுக்காக ஏற்படுத்திய ஆரோக்கிய நிலையம் அது. நல்ல காற்று வேண்டுமென்று வைத்தியர்கள் தேடி வந்த பிரதேசம். சித்தப்பா போன்றவர்கள் காற்றுக்கும் ஆசைப்பட்டார்கள், கிணற்றுக்கும் ஆசைப்பட்டார்கள்.

நான் போன மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்கு மாடியில் ஏதோ சத்தம். போய்ப் பார்த்தால் சித்தி, எதிர்வீட்டு அம்மாள், லீவுக்கு வந்திருக்கும் பேத்தி மூவரும் பழைய வேட்டியை விரித்து ஜவ்வரிசி வடாம் இட்டுக்கொண்டிருந்தார்கள். கூழை இரவிலேயே கிளறி வைத்தாகிவிட்டது. ஏழு மணிக்குள் இட்டு முடிக்காவிட்டால் தரை காலைச் சுட்டுவிடும். அதன் பிறகு காக்கை காவல். பேரன் குடையும் குச்சியுமாக உட்கார்ந்தான். காக்கை தின்ற வடாத்தைவிடக் காவல்காரன் தின்றது அதிகம் என்பது சித்தியின் கட்சி. பாதி காய்ந்த வடாத்தின் ருசி தெரிந்தவர்கள் அவனைக் குற்றம் சொல்ல மாட்டார்கள்.

பத்தரை மணிக்கு ஜன்னல்கள் எல்லாம் சாத்தப்படுகின்றன. வெட்டிவேர்த் தட்டிக்கு இந்த வீட்டில் உத்தரவு கிடையாது. அதை நனைக்கத் தண்ணீர் வேண்டுமே! குளிர்சாதன யந்திரம் ஒன்று இருக்கிறது. ஆனால் யூனிட் ஏற ஏறக் கட்டணமும் படிப்படியாக ஏறுவதால், பிற்பகலில் இரண்டு மணி நேரம் எல்லோரும் ஒரே அறையில் அகதிகளைப் போல் அடைந்துகொள்ள வேண்டும் என்பது சட்டம். அந்த யந்திரம் சொட்டுகிற தண்ணீருக்கும் கீழே வாளி உண்டு. குடிநீர் சுத்திகரிக்கும் யந்திரம் கழித்துவிடும் தண்ணீர் வீடு துடைக்க. அரிசி களைந்த தண்ணீர் முருங்கைக்கு. துணி அலசிய தண்ணீர் வாழைக்கு. மல்லிகைக்கு மட்டும் சித்தி யாருக்கும் தெரியாமல் நல்ல தண்ணீர் விடுகிறாள். சித்தப்பாவுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்துவிடுகிறார். குழாயில் முறை வைத்து வரும் தண்ணீர் சமையலுக்கும் குடிக்கவும் சரியாகப் போய்விடும். மற்றதற்கெல்லாம் கிணறுதான்.

அந்தக் கிணற்றுக்குத்தான் இப்போது ஆபத்து. பூனாவில் இருக்கும் மகன், டெலிபோனில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், "எதுக்குப்பா அது இன்னும்? மூடிட்டு கார் நிறுத்த இடம் பண்ணுங்க. ஆழமா ஒரு போர் போட்டுட்டா கவலையே இல்லை. குழந்தைங்க வேற ஓடியாடற இடம்" என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. சித்தியோ, "கிணத்தை மூடறதா இருந்தா என்னை முதல்ல எங்க அண்ணன் வீட்டுல கொண்டு போய் விட்டுடுங்க" என்கிறாள்.

சித்தப்பா வாதாடவில்லை, ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். அதில் கணக்கு இருந்தது. மொட்டை மாடி ஆயிரம் சதுர அடி. சென்னைப் பக்கத்தில் வருஷத்துக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அப்படியானால் மாடியில் விழுவது ஒரு லட்சத்து முப்பதாயிரம் லிட்டர். ஆவியாகிப் போவது, வழிந்து போவது எல்லாம் கழித்தாலும் ஒரு லட்சம் லிட்டர் மிச்சம். ஓர் ஆளுக்குத் தினம் 135 லிட்டர் என்பது அரசாங்கக் கணக்கு. புருஷன், மனைவி இரண்டே பேர் என்றால் அது ஒரு வருஷத்துக்குத் தாராளமாகக் காணும்! லாரிக் கணக்கில் சொன்னால் 12,000 லிட்டர் லாரி எட்டு.

"இத்தனையும் ஓசியா வானத்திலேருந்து வருதுடா. வாங்கி வெச்சுக்க ஒரு பாத்திரம் வேண்டாமா? அந்தப் பாத்திரந்தான் கிணறு" என்றார்.

2003-ல் மழைநீர் சேகரிப்பைச் சர்க்கார் கட்டாயமாக்கியபோது, மாடித் தண்ணீரைக் கூழாங்கல்லும் மணலும் போட்ட தொட்டி வழியாக அவர் கிணற்றுக்குள் இறக்கிவிட்டார். பல வீடுகளில் அதிகாரிக்குக் காட்டுவதற்காகச் சுவரோரம் ஒரு குழாயை நட்டு வைத்தார்கள். அவற்றில் சில இன்னமும் நிற்கின்றன. மேலே ஒரு தொடர்பும் இல்லை, கீழே ஒரு குழியும் இல்லை.

"அப்படியானால் உங்களுக்குக் கவலை இல்லையே?" என்று கேட்டேன்.

"அதுதான் இல்லை. வீட்டைச் சுத்திக் காம்பவுண்டுச் சுவர் கட்டியிருக்கேன். பூமிக்குள்ளே எங்கே கட்டறது?" என்றார்.

விஷயம் இதுதான். பாறைக்கு மேலே சிதைந்த கல்லும் மண்ணுமாக இருக்கும் அடுக்கில்தான் கிணற்றுத் தண்ணீர் தேங்குகிறது. பக்கத்தில் முந்நூறு அடிக்குத் துளை போட்டால், பாறையின் வெடிப்புகள் வழியாக மேலே உள்ளதும் மெல்லக் கீழே இறங்கிவிடும். ஒருவர் எட்டு லாரித் தண்ணீரைப் பூமிக்குக் கொடுக்கிறார். தெருவில் இருபது பேர் உறிஞ்சுகிறார்கள். கொடுத்தவருக்கு ரசீது கிடையாது.

மாலையில் கடற்காற்று வந்தது. கடலோரத்துக்கு வந்து வெகுநேரம் கழித்துத்தான் அது இங்கே எட்டிப் பார்க்கிறது. சித்தப்பா என்னை ஏரிக்கரைக்கு அழைத்துப் போனார். ஒரு காலத்தில் இந்த ஏரிக்குக் கீழே நெல் வயல்கள். வயல்கள் மனைகளாயின, வயல் இல்லாத ஏரி எதற்கு என்று சுருங்கிற்று, பிறகு கழிவு நீரும் குப்பையும் வந்து சேர்ந்தன. 2015 டிசம்பர் மழையில் அதே ஏரி தெருவுக்குள் வந்து தன் பழைய இடத்தைக் கேட்டது. நாலே வருஷத்தில், 2019 கோடையில், நேர்மாறாக எங்கும் வறட்சி. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் எல்லாம் தரை தெரிய, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ஜூலையில் ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். வெள்ளத்தில் மாடியில் குடியிருந்த அதே மனிதர்கள், வறட்சியில் லாரிக்காக வாசலில் காத்திருந்தார்கள். அந்த வருஷந்தான் இந்த ஊர்வாசிகள் மண்வெட்டியும் கூடையுமாகத் தாங்களே ஏரிக்குள் இறங்கினார்கள். அதன் பிறகே ஏரியைச் சீர்திருத்தச் சர்க்கார் பணமும் வந்தது. பென்ஷன்காரர்களும் கம்ப்யூட்டர் உத்தியோகஸ்தர்களும் சேற்றில் நின்றதைச் சித்தப்பா வர்ணித்தபோது, அவருடைய இடுப்பு வலியின் பூர்வோத்தரமும் எனக்கு விளங்கிற்று. "ஏரி நிறைஞ்சா ரெண்டு தெரு தள்ளியிருக்கற கிணறும் ஏறும். நான் அளந்து பார்த்திருக்கேன்" என்றார்.

அவர் அளப்பது உண்மை. அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டிக் கிணற்றுக்குள் விடுவார். தேதியும் அளவும் நோட்டில் ஏறும். அந்த வாரம் மூன்றே கால் அடி.

அன்று இரவு பத்தரை மணிக்குத் தெருவே அதிர்ந்தது. மூலை மனையில் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு நான்கு மாடி எழும்பப் போகிறது. அதற்குப் போர் போடுகிற லாரி வந்துவிட்டது. கம்பிக்கு மேல் கம்பியாக இறங்கிக்கொண்டே போயிற்று. தண்ணீருக்குப் பதில் சாம்பல் நிறத்தில் கல் மாவு புகையாகக் கிளம்பி, விளக்கு வெளிச்சத்தில் தெரு முழுவதும் மூடுபனி! ஊட்டிக்குப் போகாத குறை எனக்குத் தீர்ந்தது.

சித்தப்பா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். சித்தி, "ஏங்க, சண்டை வேண்டாங்க" என்றாள். சண்டை போடவில்லை. மேஸ்திரியிடம் போய், "தம்பி, போர் போடாதேன்னு சொல்ல எனக்கு உரிமை இல்லை. குடி வர்றவங்களும் குளிக்கணும். மாடித் தண்ணியை மட்டும் ரோட்டுக்கு விட்டுடாதீங்க, பூமிக்குள்ளே இறக்குங்க" என்றார்.

மேஸ்திரி மரியாதையாகவே பதில் சொன்னார்: "பிளான்ல இருக்குங்க ஐயா."

"பிளான்ல இருக்கறது சரி. மண்ணுல எப்ப வரும்?"

மேஸ்திரி சிரித்தார். மழைக்கு முன்னால் குழி வெட்டிவிடுவதாகச் சொன்னார். சித்தப்பா அந்தத் தேதியையும் கேட்டு வாங்கிக்கொண்டார். அதற்குள் எதிர்வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டு வாலிபர் இருவரும் வந்து பின்னால் நின்றார்கள். நள்ளிரவு தாண்டி, முந்நூற்று நாற்பது அடியில் ஈரம் தட்டிற்று.

காலையில் கயிறு கிணற்றுக்குள் இறங்கியது. மூன்று அடி. வெயிலால் குறைந்ததா, மூலை மனையால் குறைந்ததா என்று கயிறு சொல்லவில்லை. சித்தப்பா நோட்டில் 'மூலை மனை, 340 அடி' என்று ஒரு புதுப் பத்தி போட்டு, அதன் கீழே மேஸ்திரி சொன்ன தேதியை எழுதினார். ஞாயிற்றுக்கிழமை மகன் பேசும்போது இந்தப் பக்கத்தையே படித்துக் காட்டப் போகிறாராம்.

மாடியில் இருந்து சித்தியின் குரல் கேட்டது. தளம் முழுவதும் அரை விரல் கனத்துக்குக் கல் மாவு. இன்றைக்கு ஓமம் போட்ட அரிசிக் கூழ் வேறு தயாராக இருக்கிறது.

"ஏங்க, மாடியைக் கழுவணும். ரெண்டு வாளித் தண்ணி வேணும்!"

"ஒரு வாளி" என்றார் சித்தப்பா, நோட்டிலிருந்து தலையை எடுக்காமலே.

ஒன்றரை வாளியில் சமாதானமாயிற்று.